செம்மண் வளவில் பழைய இரகப் பாஸ்னிப்: முளைக்குமா, இனிக்குமா, விதை தருமா?

உரும்பிராய் வளவு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். உரும்பிராயில் எங்கள் வீட்டு வளவுக்குள், கிணற்றுக்கும் வேலிக்கும் இடைப்பட்ட நிலத்தில், மாரி காலத்தில் கரட்டும் பீற்றூட்டும் வீட்டுத் தேவைக்கு மட்டும் பயிரிட்டு வருகிறேன். இங்கிலாந்தில் வசிக்கும் என் தமக்கையார், அங்கே நத்தார் விருந்தில் உருளைக்கிழங்கோடு சேர்த்து வாட்டிப் பரிமாறப்படும் பாஸ்னிப் கிழங்கின் சுவையைப் பற்றிப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார். அடுத்த முறை ஊருக்கு வரும்போது அதன் விதையை எடுத்து வரலாம் என்றும், கலப்பின விதையாக இல்லாமல் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த பழைய இரகமாக இருந்தால் நான் இங்கேயே விதை எடுத்து ஆண்டுதோறும் தொடரலாம் என்றும் அவர் கருதுகிறார். ஹொலோ கிரவுண், ஸ்ருடன்ற் ஆகிய இரண்டு இரகங்களை அவர் குறிப்பிட்டார்.

எங்கள் நிலம் செம்மண். இரண்டு, இரண்டரை அடிக்கு நல்ல மண் உண்டு; அதற்குக் கீழே சுண்ணாம்புக் கல் தட்டுப்படும். கிணற்று நீர் நன்னீர். சென்ற சிறுபோகத்தில் அந்த இடத்தில் சின்ன வெங்காயம் நின்றது. அயலில் ஆட்டெருவும் மாட்டெருவும் தாராளமாகக் கிடைக்கின்றன.

பாஸ்னிப் குளிர்நாட்டுப் பயிர் என்பதும், உறைபனி பட்ட பின்னரே அது நன்றாக இனிக்கும் என்று அங்குள்ளவர்கள் சொல்வதும் எனக்குத் தெரியும். இருந்தாலும், கரட் வளரும் மண்ணில் அதன் உறவுப் பயிர் ஏன் வளரக் கூடாது என்ற எண்ணம் விடவில்லை. எந்த மாதத்தில் விதைப்பது, கல் தட்டுப்படும் நிலத்தில் நீண்ட கிழங்குக்கு எப்படி இடம் கொடுப்பது, உறைபனி இல்லாத ஊரில் இனிப்பை எப்படிப் பெறுவது, எல்லாவற்றுக்கும் மேலாக இங்கே விதை எடுக்க முடியுமா என்பவற்றை அனுபவமும் படிப்பும் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். விற்பனை நோக்கம் எதுவும் இல்லை. இரண்டு பாத்தி அளவு மட்டுமே.


கோப்பாய்த் தோட்டம்

வணக்கம் ஐயா. மண்ணையும் இனிப்பையும் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். முளைப்பதைப் பற்றி நான் முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் இந்தப் பயிர் தோற்பதாக இருந்தால் பெரும்பாலும் அந்த இடத்திலேயே தோற்கும்.

பாஸ்னிப் விதை மண்ணின் வெப்பநிலையைப் பார்த்து நடக்கும் விதை. மண் 20 பாகை செல்சியஸில் இருந்தால் முளை வெளிவர ஏறத்தாழ 14 நாட்கள் ஆகும். 25 பாகையிலும் 15 நாட்களில் வந்துவிடும். ஆனால் 30 பாகைக்குப் போனால் அது ஒரு மாதத்துக்கு மேல் இழுபடும், முளைக்கும் விதைகளின் தொகையும் வெகுவாகக் குறையும். 35 பாகையில் அடியோடு முளைக்காது. நிழலில்லாத செம்மண்ணின் மேற்பரப்பு வெயில் நாளில் 35 பாகையை எளிதாகத் தாண்டிவிடும் என்பதை யோசித்தால், சித்திரையிலோ ஆவணியிலோ விதைப்பது விதையை எறிவதற்குச் சமம் என்பது விளங்கும். எங்களுக்குக் கிடைக்கும் இடைவெளி மார்கழியும் தையும் மட்டுமே. அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் பகல் வெப்பம் 28, 29 பாகையளவிலும் இரவு வெப்பம் 22, 23 பாகையளவிலும் நிற்கிறது. வைக்கோல் மூடாக்குப் போட்ட பாத்தியில் மண் 25, 26 பாகையில் நின்றால் முளைப்பு நடக்கும்.

அதே நேரத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். எங்கள் ஆண்டு மழையின் பெரும்பகுதி அந்த இரண்டு மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. செம்மண்ணில் அடைமழை விழுந்து அடுத்த இரண்டு நாள் வெயில் எறித்தால் மேற்பரப்பு ஓடு போல இறுகிவிடும். பாஸ்னிப் நாற்று அந்த ஓட்டை உடைத்துக்கொண்டு வரும் வலுவுள்ள நாற்று அன்று. ஆகவே கார்த்திகையின் பிற்பாதியில், அதாவது டிசம்பர் முதல் இரண்டு வாரங்களுக்குள், மழை விட்டு விட்டுப் பெய்யத் தொடங்கிய பின் விதைப்பதே என் கருத்தில் சரியான காலம். அதற்கு முந்தினால் மழை கழுவிச் செல்லும். தை பிறந்த பின் விதைத்தால் கிழங்கு பருக்க வேண்டிய காலத்தில் பங்குனி வெயில் வந்து நிற்கும்.

விதையை நேரே பாத்தியில் இடாமல் முளைகட்டி இடுங்கள். மூடியுள்ள ஒரு ஐஸ்கிறீம் பெட்டியின் அடியில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியை இரண்டாக மடித்து விரித்து, விதைகளை ஒன்றின் மேல் ஒன்று படாமல் பரவி, அதன் மேல் இன்னொரு ஈரத்துணியை மூடி, வீட்டில் வெயிலே படாத அறையின் நிலத்தில் வைத்துவிடுங்கள். பத்தாம் நாளிலிருந்து தினமும் திறந்து பாருங்கள். வெள்ளை முளை எள்ளளவு எட்டிப் பார்க்கும்போதே அந்த விதையை எடுத்துப் பாத்தியில் இட்டுவிட வேண்டும். வேர் நீண்ட பிறகு தொட்டால் நுனி முறியும், நுனி முறிந்த வேர் இரண்டாகவும் மூன்றாகவும் கவைக்கும். இதே காரணத்தால் நாற்றுமேடையில் வளர்த்துப் பிடுங்கி நடும் முறை இந்தப் பயிருக்குப் பொருந்தாது.

அரை அங்குல ஆழம் போதும். நாலு அங்குலத்துக்கு ஓரிடமாக, இடத்துக்கு மூன்று விதை. வரிசைக்கு வரிசை ஓரடி. மேலே செம்மண்ணைத் தள்ளி மூடாதீர்கள். அரித்த மணலும் பழைய கூட்டெருவும் சம அளவில் கலந்து மூடினால் ஓடு பிடிக்காது. வரிசைக்குள் இடையிடையே முள்ளங்கி விதை இடுவது ஐரோப்பியத் தோட்டக்காரர்களின் பழைய வழக்கம். முள்ளங்கி சில நாட்களிலேயே முளைத்து வரிசையைக் காட்டிக்கொடுப்பதோடு மேல்மண்ணையும் இளக்கிவிடும், பாஸ்னிப் இடம் கேட்கும் முன்னரே பிடுங்கிச் சமைத்தும் முடிந்துவிடும்.

இன்னொன்று. பாஸ்னிப் விதை ஓராண்டுக்கு மேல் நம்பத்தக்கதன்று. எடுத்த விதையை அடுத்த பருவத்துக்குள் போட்டுவிட வேண்டும். தமக்கையார் விதைப்பொதி வாங்கும்போது அது எந்த ஆண்டு அறுவடை செய்த விதை என்பதை அவசியம் பார்க்கச் சொல்லுங்கள்; கடைத் தட்டில் கிடந்த பழைய பொதி முளைக்காமற் போனால் எங்கள் வெப்பத்தின் மேல் பழி விழும்.


இணுவில் – இலண்டன்

வணக்கம் அண்ணா. நான் இணுவிலில் பிறந்து வளர்ந்தவள். இங்கே நகரசபையிடம் வாடகைக்கு எடுத்த சிறிய தோட்டத்துண்டில் பாஸ்னிப் ஆண்டுதோறும் போடுகிறேன். எங்கள் ஊர் மண்ணையும் தெரியும் என்பதால் இரண்டையும் சேர்த்துச் சொல்ல முயல்கிறேன்.

முதலில் இரகம். உங்கள் தமக்கையார் சொன்ன இரண்டும் மதிப்புள்ள பழைய இரகங்கள்தாம். ஹொலோ கிரவுண் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெயர் பெற்றிருந்தது. கிழங்கின் தலை உள்வாங்கிக் குழிந்திருக்க, அந்தக் குழிக்குள்ளிருந்து இலைக்காம்புகள் கிளம்பும். ஸ்ருடன்ற் இரகத்துக்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. இங்கிலாந்தின் சிரென்செஸ்ரர் விவசாயக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் பக்மன் என்பவர், 1840களின் பிற்பகுதியில் காட்டுப் பாஸ்னிப்பின் விதையைச் சேகரித்து விதைத்து, ஒவ்வொரு தலைமுறையிலும் பருத்த, கவைக்காத கிழங்குகளை மட்டும் பொறுக்கி விதைக்கு விட்டு, சில ஆண்டுகளில் மெலிந்த காட்டு வேரை உண்ணத்தக்க கிழங்காக மாற்றினார். சட்டன்ஸ் என்ற விதை நிறுவனம் 1860 அளவில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தெரிவு செய்து விதை எடுப்பதன் ஆற்றலுக்கு அக்காலத்தவர் எடுத்துக்காட்டாகச் சொன்ன பயிர் இது.

ஆயினும் உங்கள் நிலத்துக்கு இவ்விரண்டும் சற்று நீளம் கூடியவை. ஹொலோ கிரவுண் நல்ல மண்ணில் ஓரடியைத் தாண்டி இறங்கும், அதன் வால்வேர் இன்னும் கீழே போகும். உங்களுக்கு ஹாஃப் லோங் கேண்சி என்ற பழைய இரகத்தைப் பரிந்துரைப்பேன். பெயரே சொல்வது போல அது பாதி நீளம் கொண்டது, தோளில் பருத்து விரைவில் கூம்பும். பழைய இரகம் என்ற உங்கள் விருப்பமும் நிறைவேறும், கல்லும் இடறாது.

கல் இருக்கும் நிலத்தில் ஆழத்தை மேலே கூட்டலாம். பாத்தியை ஓரடி உயர்த்திக் கட்டுங்கள். ஓரத்துக்குப் பனங்குற்றியோ சீமெந்துக் கல்லோ வைத்தால் மழைக்குக் கரையாது. இங்கே கண்காட்சிக்காகக் கிழங்கு வளர்ப்பவர்கள் நிலத்தில் இரும்புக் கம்பியை இறக்கிச் சுழற்றிக் கூம்பு வடிவக் குழி உண்டாக்கி, அதை அரித்த மண்ணால் நிரப்பி, குழிக்கு ஓரிடத்தில் விதைக்கிறார்கள். அவர்கள் இதற்கென்று தேடி வாங்கும் கருவி எங்கள் வீட்டுக் கோடிகளில் சாத்தியிருக்கும் அலவாங்குதான். அலவாங்கை ஒன்றரை அடி இறக்கி வட்டமாக ஆட்டினால் வாயகன்ற குழி கிடைக்கும். அதற்குள் மணல் இரண்டு பங்கு, அரித்த செம்மண் ஒரு பங்கு, இரண்டாண்டு பழைய கூட்டெரு ஒரு பங்கு என்று கலந்து நிரப்புங்கள். இரண்டு பாத்திக்கு இதைச் செய்வது ஒரு காலை வேலை.

எரு விடயத்தில் கண்டிப்பாக இருங்கள். புது ஆட்டெருவை இந்தப் பாத்திக்குள் கொண்டுவரவே வேண்டாம். வேரின் நுனி எருக்கட்டியில் முட்டினால் கிழங்கு கவைக்கும், மேலே இலை மட்டும் செழித்து நிற்கும். சென்ற போகத்தில் வெங்காயத்துக்கு இட்ட பசளையின் மிச்சமே இதற்குப் பெரும்பாலும் போதும். ஆங்கிலக் கையேடுகளில் மண்ணுக்குச் சுண்ணாம்பு இடச் சொல்லியிருப்பார்கள். அது இங்குள்ள புளித்த மண்ணுக்குச் சொன்னது. சுண்ணாம்புக் கல்லின் மேலேயே குடியிருக்கும் எங்களுக்கு அது தேவையில்லை, அடுப்புச் சாம்பலையும் அளவோடு நிறுத்துங்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை, இதை எளிதாக எடுக்க வேண்டாம். பாஸ்னிப்பின் இலையிலும் தண்டிலும் உள்ள சாறு தோலில் பட்டு, அந்த இடத்தில் வெயில் விழுந்தால் தீக்காயம் போலக் கொப்பளிக்கும். தழும்பு பல மாதங்கள் கருமையாக நிற்கும். இலண்டன் வெயிலிலேயே கை முழுவதும் கொப்பளித்தவர்களைக் கண்டிருக்கிறேன். எங்கள் ஊர் வெயிலுக்கு இரட்டிப்புக் கவனம் வேண்டும். களை பிடுங்குவதும் இலை ஒடிப்பதும் கிழங்கு கிண்டுவதும் மாலை வெயில் தாழ்ந்த பின், நீளக்கைச் சட்டையும் கையுறையும் அணிந்து செய்யப்பட வேண்டும். குழந்தைகள் விளையாடும் பக்கத்தில் இந்தப் பாத்தி வேண்டாம். கரட் இலையில் வறை செய்வது போல இதன் இலையில் செய்து பார்க்கும் எண்ணம் யாருக்காவது வந்தால் அதையும் விட்டுவிடச் சொல்லுங்கள்.


வடமராட்சி மணல்

கோப்பாய் ஐயாவின் முளைப்புக் கணக்கை ஏற்கிறேன். விதைக்கும் காலத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. பாஸ்னிப்புக்கு நான்கு மாதங்களுக்குக் குறையாமல் வேண்டும், பல இரகங்களுக்கு அதற்கும் மேலே. டிசம்பரில் விதைத்து, முளைக்க அரை மாதம் போனால், நான்கு மாதம் முடியும்போது சித்திரை வந்துவிடும். பருக்க வேண்டிய கடைசி ஆறு வாரங்கள் முழுவதும் 32, 33 பாகை வெப்பத்தில் கழியும். கிழங்கு நாரோடி மரக்கட்டையாகிவிடும். ஐப்பசியின் நடுப்பகுதியில் முளைகட்டி, பொலித்தீன் கூரைக்குக் கீழே உயரப் பாத்தியில் இட்டால் ஏறத்தாழ ஐந்து வாரங்கள் மிச்சம் பிடிக்கலாம். எங்கள் பக்கம் மணல் நிலம், மழை நீர் நிற்காது, ஓடும் பிடிக்காது. ஆகையால் எனக்கு இது எளிது. செம்மண்காரர்களுக்குக் கூரை இல்லாமல் முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மணல் நிலத்திலிருந்து சொல்ல வேண்டிய இன்னொரு விடயம் நீர். உவர்த்தன்மையைத் தாங்காத பயிர்களில் கரட்டும் போஞ்சியும் வெங்காயமும் அடங்கும். பாஸ்னிப்பும் அந்த வரிசையிலேயே நிற்கிறது. கரையோரக் கிணறுகள் மாசிக்குப் பிறகு மெல்ல உவரத் தொடங்கும். உரும்பிராயில் அந்தத் தொல்லை குறைவு, எனினும் கோடையில் கிணறு வற்றும் நேரத்தில் நீரின் சுவை மாறுகிறதா என்று கவனியுங்கள். கூரை மழைநீரைப் பரலில் பிடித்து வைத்திருந்தால் நாற்றுப் பருவத்துக்கு அதையே ஊற்றலாம்.

வெங்காயம் நின்ற நிலம் என்பது நல்லது. கத்தரி, தக்காளி, புகையிலை நின்ற செம்மண் என்றால் வேர்முடிச்சு வட்டப்புழு இருக்கும். அது பட்ட கிழங்கு முடிச்சும் மயிர்வேருமாய் உருக்குலைந்துவிடும். சென்ற ஆண்டுக் கரட்டில் முடிச்சு ஏதும் கண்டிருந்தீர்களானால் அந்தப் பாத்தியைத் தவிர்க்க வேண்டும்.


உரும்பிராய் வளவு

மூவருக்கும் மிக்க நன்றி. கரட்டில் முடிச்சு எதையும் இதுவரை காணவில்லை. விதைக்கும் காலத்தைப் பற்றி ஐயாவும் தம்பியும் வேறுபடுவதால், ஒரு பாத்தியை ஐப்பசியில் கூரைக்குக் கீழும் மற்றதைக் கார்த்திகைக் கடைசியில் திறந்த வெளியிலும் விதைக்க எண்ணுகிறேன். இலைச் சாற்றைப் பற்றித் தங்கச்சி சொன்னது எனக்கு முற்றிலும் புதிய செய்தி. பேரப்பிள்ளைகள் ஓடித்திரியும் வளவு என்பதால் பாத்தியைக் கிணற்றடியிலிருந்து பின்வேலிப் பக்கம் மாற்றிவிடுகிறேன்.

விதை எடுப்பதைப் பற்றி இன்னும் ஒருவரும் சொல்லவில்லை. பழைய இரகத்தைத் தேடுவதன் காரணமே அதுதான் என்பதால் அதையும் யாராவது விளக்க வேண்டும். எங்கள் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதாக அடிக்கடி சொல்லப்படுகிறது. அது இந்தப் பயிரைப் பாதிக்குமா என்பதும் என் சந்தேகம்.


ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர்

நீரிலிருந்து தொடங்குகிறேன். வலிகாமத்தில் பல தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பது நீண்டகாலமாக அறியப்பட்டது. வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் புகையிலைக்கும் இட்ட யூரியாவும் எருவும் செம்மண்ணின் வழியாகவும் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியாகவும் நிலத்தடி நீருக்குள் விரைவாக இறங்கிவிடுகின்றன. குடிநீருக்கு அது கேடு. பயிருக்கோ, நீங்கள் இறைக்கும் ஒவ்வொரு வாளி நீரோடும் சிறிது நைதரசன் பாத்திக்குள் போய்ச் சேருகிறது என்று பொருள். ஆதலால் பாஸ்னிப்புக்கு யூரியா தனியாக இட வேண்டிய தேவை இராது. இலை கடும் பச்சையாகவும் உயரமாகவும் கிளம்பினால் நைதரசன் மிஞ்சிவிட்டது என்று அறிந்துகொள்ளலாம்.

இனி விதை. பாஸ்னிப் ஈராண்டுத் தாவரம். முதல் ஆண்டில் இலையும் கிழங்கும். குளிர்காலம் ஒன்றைக் கடந்த பிறகு, இரண்டாம் ஆண்டில், கிழங்கில் சேமித்ததைச் செலவழித்து ஆளுயரத்துக்குத் தண்டெழுப்பி, சதகுப்பையைப் போல மஞ்சள் பூங்குடை விரித்து விதை வைக்கும். பல வாரங்கள் தொடர்ந்து 10 பாகைக்குக் கீழான குளிரை உணராத கிழங்கு பூக்கும் நிலைக்கு மாறுவதில்லை. எங்கள் இரவுகள் 20 பாகைக்குக் கீழே போவதே அரிது. எனவே நீங்கள் கிழங்கை நிலத்திலேயே விட்டுவைத்தால் அது பூக்காது, வைகாசி வெயிலில் வெந்து அழுகும். கரட் விதையை நாம் ஆண்டுதோறும் பொதியில் வாங்குவதற்கும் இதுவே முக்கிய காரணம். இங்கே நன்றாக விளையும் நியூ குரோடா கரட் வெப்பத்தைத் தாங்கிக் கிழங்கு வைக்கும் இரகம், அதுகூட யாழ்ப்பாணத்து வளவில் தானாக விதைக்கு வருவதில்லை.

ஆகவே இங்கிலாந்தில் ஒருவர் பழைய இரகத்தை வாங்கினால் ஒரு பொதியிலிருந்து நெடுங்காலம் தொடரலாம். அந்த வசதி எங்களுக்கு இயற்கையாகக் கிடைக்காது. முயன்று பார்க்க ஒரு வழி உண்டு. பங்குனியில் கிண்டும் கிழங்குகளில் நேரானவை, கவைக்காதவை, புண்படாதவை ஆகியவற்றைத் தெரிந்து, இலையை ஓரங்குலம் விட்டு வெட்டி, ஈர மணலோடு துளையிட்ட பொலித்தீன் பையில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் வையுங்கள். அங்கே 4 பாகையளவில் எட்டுப் பத்து வாரங்கள் இருந்தால் குளிர்த்தேவை நிறைவேறும். பிறகு வெளியே நட வேண்டியது ஆனி மாதமாக இருக்கும் என்பதே இதன் சிக்கல். சோளகக் காற்றும் வெயிலும் சேர்ந்து தண்டைக் கருக்கக்கூடும். பெரிய பூச்சாடியில் நட்டு, பிற்பகல் நிழல் விழும் வீட்டின் கிழக்குப் புறத்தில் வைத்துப் பார்க்கலாம். உறவினர் யாராவது நுவரெலியாப் பக்கம் இருந்தால் கிழங்குகளை அவர்களிடம் கொடுத்து நடச் செய்வது இதைவிட நம்பிக்கை தரும். 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள அந்த நகரில் தை, மாசி இரவுகளில் சில நாட்கள் புல்லில் உறைபனி படிவதுண்டு.

பூத்தால் ஒரு நன்மை இருக்கிறது. பாஸ்னிப் பூச்சிகளால் அயல்மகரந்தச் சேர்க்கை அடையும் பயிர். இங்கிலாந்தில் வேலியோரமெல்லாம் காட்டுப் பாஸ்னிப் நிற்பதால் அங்கே விதை எடுப்பவர்கள் கலப்பைத் தடுக்கப் பாடுபட வேண்டும். யாழ்ப்பாணத்தில் அந்தக் கவலை இல்லை, பக்கத்தில் நிற்கும் கரட்டோடும் கொத்தமல்லியோடும் அது கலக்காது. ஆனால் ஒன்றிரண்டு செடிகளிலிருந்து மட்டும் விதை எடுத்தால் சில தலைமுறைகளில் இரகம் நலிந்துவிடும். இருபதுக்குக் குறையாத கிழங்குகளாவது விதைக்கு நிற்க வேண்டும். இரண்டு பாத்திக்காரருக்கு இது பெரிய செலவு. அதனால் என் தனிப்பட்ட எண்ணம், முதல் ஆண்டில் கிழங்கை உண்டு பாருங்கள், இரகம் பிடித்தால் மட்டும் விதைக்கு முயலுங்கள்.

விதையைக் கொண்டுவரும் முறையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயணப் பெட்டிக்குள் விதைப்பொதியைச் செருகிக் கொண்டுவருவது சிறிய விடயம் என்று நம்மவர் பலர் நினைக்கிறார்கள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் விதையை நாட்டுக்குள் கொண்டுவர முன்கூட்டியே இறக்குமதி அனுமதி பெற வேண்டும். அனுப்பும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் உடன் வர வேண்டும். கட்டுநாயக்காவில் விவசாயத் திணைக்களத்தின் தாவரத் தடைகாப்பு அலுவலகம் இதைக் கவனிக்கிறது. உங்கள் கமநல சேவை நிலையத்து விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டால் விண்ணப்பிக்கும் வழியைச் சொல்வார். விதையோடு வரும் நோய் ஒன்று வலிகாமத்துக் கரட் தோட்டங்களுக்குள் புகுந்தால் அதன் இழப்பை அயலவர்கள் சுமக்க நேரும்.


இணுவில் – இலண்டன்

போதனாசிரியர் ஐயா குளிர்சாதனப் பெட்டியைக் குறிப்பிட்டதால் இனிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உறைபனி கிழங்குக்குள் எதையும் புதிதாகச் சேர்ப்பதில்லை. குளிரில் கிழங்கிலுள்ள மாப்பொருள் சர்க்கரையாக உடைகிறது, அவ்வளவே. கிண்டிய கிழங்கை 0 முதல் 1 பாகை வரை இரண்டு வாரம் வைத்திருந்தால், வயலில் இரண்டு மாதம் குளிர்பட்ட கிழங்கின் இனிப்பு வந்துவிடும் என்று களஞ்சியப்படுத்தல் நூல்கள் சொல்கின்றன. வீட்டுப் பெட்டி அவ்வளவு குளிராது. ஆகையால் மூன்று நான்கு வாரம் கொடுங்கள். ஈரத்துணியில் சுற்றித் துளையிட்ட பையில் வையுங்கள், இல்லாவிட்டால் வாடிச் சுருங்கும். அதே தட்டில் பழுத்த மாம்பழமோ அப்பிளோ வைக்க வேண்டாம். பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயுவால் கிழங்கு கசக்கும்.

அண்ணா ஐப்பசிப் பாத்தியையும் கார்த்திகைப் பாத்தியையும் ஒப்பிடுவதென்றால் இரண்டையும் ஒரே அளவு காலம் குளிரில் வைத்து உண்ண வேண்டும். கிண்டிய அன்றே சமைத்துவிட்டு இனிப்பில்லை என்று பயிரைக் குறை சொல்லக் கூடாது.


கோப்பாய்த் தோட்டம்

இரண்டு பாத்தியிலும் பரீட்சித்துப் பார்ப்பது நல்ல யோசனை ஐயா, வடமராட்சித் தம்பியின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஒரு திருத்தம் மட்டும். ஐப்பசிப் பாத்திக்குப் பொலித்தீனைத் தாழ்வாகக் கட்டினால் வெயில் எறிக்கும் நேரங்களில் உள்ளே புழுங்கி 35 பாகையைத் தாண்டிவிடும், முளைத்ததும் கருகும். நான்கு பக்கமும் திறந்து, நெஞ்சளவு உயரத்தில் சாய்வாகக் கட்டுங்கள்; அதன் மேல் பழைய கிடுகு நாலைந்தைப் பரவிவிட்டால் வெப்பமும் குறையும், மழைத்துளியின் அடியும் குறையும். முளை வந்து இரண்டாம் சோடி இலை விரிந்ததும் கிடுகை எடுத்துவிடலாம்.

மாசி நடுப்பகுதியிலிருந்து எந்தப் பாத்தியானாலும் பிற்பகலுக்கு நிழல்வலை வேண்டும். நீரை ஒருநாள் வெள்ளமாகவும் மறுநாள் வரட்சியாகவும் விட்டால் கிழங்கு வெடிக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரே அளவாக ஊற்றுங்கள். கிழங்கின் தோள் இரண்டு விரல் அகலம் பருத்ததும் கிண்டத் தொடங்கலாம், கையளவு பருக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பங்குனி முடிவதற்குள் இரண்டு பாத்தியையும் கிண்டி முடித்துவிடுங்கள்.